பாலுக்குள் வெள்ளையணு



இந்த இதழின் அட்டையைப் பார்த்ததும் "இது என்ன பாத்திரம்?" என்று உங்களில் பலர் கேட்கப் போகிறீர்கள். அச்சுக்குப் போவதற்கு முன்பே எங்கள் அலுவலகத்தில் அந்தப் பஞ்சாயத்து நடந்துவிட்டது. கைப்பிடி வைத்த நாலு குழிப் பணியாரச் சட்டி என்று தீர்ப்புச் சொன்னார் பக்க வடிவமைப்பாளர். வடிவம் என்னவோ அப்படித்தான். ஆனால் இது பிளாஸ்டிக். பசுவின் நான்கு காம்புக்கும் ஒவ்வொரு குழி. காம்புக்கு இரண்டு மூன்று மில்லி பாலை அதனதன் குழியில் பீய்ச்சி, அதே அளவு சோப்பு நீரை ஊற்றி, தட்டைக் கையில் வைத்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். பத்து விநாடி போதும். பால் தண்ணீராகவே ஓடினால் கவலையில்லை. பிசுபிசுத்து, கொழகொழவென்று திரண்டு, குழியின் நடுவே குவிந்து நின்றால் அந்தக் காம்புக்கு மேலே மடிக்குள் ஏதோ நடக்கிறது என்று பொருள்.

கறவை மாடு வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. "சொசைட்டியில் ஊற்றினால் எஸ்.என்.எஃப். குறைகிறது, தண்ணீர் விட்டாயா என்கிறார்கள். ஒரு சொட்டுக்கூட விடவில்லை. மாடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது, மடியும் வீங்கவில்லை." இப்படி எழுதுகிறவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை. தீனி சரியில்லை என்றாலும் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறையும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாத மடி நோய். அதைப் பற்றியதுதான் இந்த மாத அட்டைக் கட்டுரை. கட்டுரையில் இடம் கிடைக்காத சிலவற்றை இங்கே உங்களிடம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மடி கல்லாக இறுகிப்போவது, தொட்டால் மாடு உதைப்பது, பால் திரிதிரியாக வருவது, சீழோ ரத்தமோ கலந்து வருவது எல்லாம் முற்றிய நிலை. அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதுதான் அதிகம். வாரக்கணக்கில், சில மாடுகளில் ஒரு கறவைக் காலம் முழுக்கவே, கிருமி மடிக்குள் குடியிருக்கும். பால் வெள்ளையாகவே இருக்கும். பால் சுரக்கும் செல்கள் பழுதாவதால் பால் சர்க்கரையான லாக்டோஸ் குறையும், கேசீன் புரதம் குறையும். ரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் கசிந்து பாலில் சேரும். நாக்கு நுணுக்கமானவர்களுக்கு லேசாக உப்புக் கரிக்கும். லாக்டோஸும் கேசீனும் எஸ்.என்.எஃப். கணக்கில் சேர்ந்தவை. அவை குறைந்தால், தண்ணீரே விடாதவருக்கும் தண்ணீர் விட்ட பேர் வந்து சேரலாம்.

இந்தத் தெரியாத நோயை மாட்டுக்காரரின் கைக்கே தெரியவைத்தவர் ஆஸ்கர் ஷால்ம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு புத்தகமாகத்தான் அறிமுகம். விலங்குகளின் ரத்தத்தைப் பற்றி 1961இல் அவர் எழுதிய பாடநூல் பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும், வேறு வேறு பதிப்பாசிரியர்கள் வந்தும், நூலின் பெயரோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அவருடைய வேலையில் பெரும்பகுதி ரத்தமும் மடியும் சந்திக்கும் இடத்தில் நடந்தது.

1957இல் ஷால்மும் நூர்லாண்டர் என்பவரும் சேர்ந்து இந்தச் சோப்பு நீர்ச் சோதனையை வெளியிட்டார்கள். கலிபோர்னியா மடி நோய்ச் சோதனை என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். வெறுங்கையில் முழம் போட்டதல்ல. கனடாவில் ஒயிட்சைடு என்பவர் 1939லேயே, நோயுற்ற பாலில் காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்தால் அது திரள்வதை எழுதியிருந்தார். ஆனால் காஸ்டிக் சோடாவைத் தொழுவத்தில் வைத்துக்கொண்டு புழங்குவது வம்பு. ஷால்மும் நூர்லாண்டரும் அந்த இடத்தில் சலவைப் பொருளைக் கொண்டுவந்தார்கள். கூடவே, காரம் ஏறினால் ஊதா நிறம் காட்டும் ஒரு சாயத்தையும் சேர்த்தார்கள். நோயுற்ற பாலுக்குக் காரத்தன்மை கூடும் என்பதால் நிறமும் ஒரு சாட்சி ஆயிற்று.

பால் ஏன் திரள்கிறது என்பது அப்போது முழுதாகத் தெரியாது. ஐந்து ஆண்டு கழித்து, 1962இல், கரோல் என்பவரும் ஷால்மும் ஓர் அழகான வேலை செய்தார்கள். டி.என்.ஏ.வை மட்டும் வெட்டக்கூடிய ஒரு நொதியைப் பாலில் கலந்துவிட்டுச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். பால் திரளவில்லை. அப்படியானால் திரண்டுகொண்டிருந்தது டி.என்.ஏ.தான். சோப்பு, செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைத்துவிடுகிறது. உட்கருவுக்குள் சுருண்டு கிடந்த டி.என்.ஏ. இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொழகொழப்பாகின்றன. பாலில் எவ்வளவு செல் இருக்கிறதோ அவ்வளவு கொழகொழப்பு. மரபணுவைப் பார்க்க லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தொழுவத்தில் நாலு குழித் தட்டில் அது தினமும் கண்முன் திரண்டு நிற்கிறது.

அந்தச் செல்கள் யாருடையவை? இங்கேதான் பலருக்குக் குழப்பம். கிருமியின் செல்கள் அல்ல. அவை பசுவின் செல்கள், பெரும்பாலும் வெள்ளையணுக்கள். ஆரோக்கியமான மடியிலிருந்து வரும் பாலிலும் மில்லிக்கு ஒரு லட்சத்துக்குள் செல்கள் இருக்கும். அது இயல்பு. இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அந்த மடிப்பகுதியில் கிருமி இருப்பதாகவே கொள்கிறார்கள். நோய் கடுமையானால் எண்ணிக்கை பல லட்சம், பல மில்லியன் என்று ஏறும். அப்போது வருகிறவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போய் அதை விழுங்கிவிட்டுச் சாகும் வெள்ளையணு அது. சீழ் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதன் பிணம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பண்ணைப் பாலில் மில்லிக்கு 4 லட்சம் செல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வரம்பு ஏழரை லட்சம். அங்கே இந்த எண்ணுக்கு விலை உண்டு. எண் ஏறினால் விவசாயிக்குப் பணம் குறையும். அதனால் அவர் மாதாமாதம் அந்த எண்ணைப் பார்க்கிறார். நம் ஊர் சொசைட்டியில் கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.புக்கும்தான் விலை. செல் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் பார்ப்பதுமில்லை. மடி நோயைப் பற்றி எவ்வளவு முகாம் நடத்தினாலும் இந்தக் கணக்கு மாறாதவரை பெரிதாக ஒன்றும் மாறாது என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

இந்த எண்ணைக் குறைத்தால் நோய் குறைந்தது என்று எடுத்துக்கொள்கிற ஆபத்தும் இருக்கிறது. ஷால்மின் ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது தொடர்பானதுதான்.

1964இல் அவரும் லாஸ்மானிஸ், கரோல் ஆகியோரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மடிக்குள் முன்கூட்டியே வெள்ளையணுக்கள் பெருகியிருக்கும்போது சாணக் கிருமி இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவை உள்ளே செலுத்தினால் என்ன ஆகிறது என்பது கேள்வி. வெள்ளையணு போதிய அளவு இருந்த இடத்தில் கிருமியால் கால் ஊன்ற முடியவில்லை. வெள்ளையணு குறைவாக இருந்த சுத்தமான மடியில் அது மளமளவென்று பெருகியது. "ரொம்பச் சுத்தமான" மடி ஒரு வகையில் ஆள் இல்லாத வீடு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்தது 1976இல் வந்தது. ஷால்ம், லாஸ்மானிஸ், ஜெயின் மூவரும் சேர்ந்து செய்தது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நாட்பட்டுக் குடியிருக்கும் பசுக்களை எடுத்துக்கொண்டார்கள். அவை பார்க்க நன்றாகவே இருந்த பசுக்கள், பாலும் கறந்துகொண்டிருந்தவை. பசுவின் வெள்ளையணுவைக் குதிரைக்குச் செலுத்தினால் குதிரையின் உடல் அதற்கு எதிரான பொருளை உண்டாக்கும். அந்தக் குதிரைச் சீரத்தை எடுத்துப் பசுவுக்குள் செலுத்தினார்கள். பசுவின் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நியூட்ரோஃபில் கிட்டத்தட்ட வற்றிப்போயிற்று. நாட்பட்ட, சத்தமில்லாத அந்த மடி நோய், சதை அழுகிக் கறுக்கும் கடும் நோயாக மாறியது. கிருமி அதே கிருமி, மடியும் அதே மடி. இல்லாமல் போனது வெள்ளையணு மட்டும்தான்.

இதை முதலில் படித்தபோது மனது சங்கடப்பட்டது. வாயில்லா ஜீவனின் காவலைக் கழற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது இன்று எந்த நெறிக்குழுவின் முன்னாலும் எளிதில் அனுமதி வாங்காது; வாங்கவும் கூடாது. ஆனால் அது சொன்ன சேதியைத் தள்ளிவிடவும் முடியாது. "மாடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும், உள்ளே அந்தப் பசு ஒரு சண்டையைச் சமநிலையில் பிடித்து வைத்திருக்கிறது. செல் எண்ணிக்கை உயர்ந்திருப்பது அதன் பதில். அந்தப் பதிலைக் குறைக்க வழி தேடுவதற்கு முன்னால், அது எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் எப்போதும் வெள்ளையணு நிறைந்திருக்கும்படி செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் மேக்ஸ் பாப் என்ற விஞ்ஞானி, மடிக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வளையத்தை வைத்துப் பார்த்தார். உறுத்தல் இருந்தால் வெள்ளையணு வந்துகொண்டே இருக்கும் என்பது கணக்கு. வந்தது. ஆனால் செல் கூடிய பாலை யார் வாங்குவார்கள்? அந்த வளையம் தொழுவங்களில் புழக்கத்துக்கு வரவில்லை. தவிர, வெள்ளையணு கக்கும் நொதிகள் கிருமியோடு சேர்த்துப் பால் சுரக்கும் திசுவையும் அரிக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மடிக்குள்ளும் செல்லும்.

பாப் கண்டுபிடித்தவற்றில் முக்கியம் வேறொன்று. ரத்தத்தில் இருக்கும்போது சுறுசுறுப்பாகக் கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில், பாலுக்குள் இறங்கியதும் மந்தமாகிவிடுகிறது. ஏன்? எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் வயிறு நிறைந்திருக்கிறது. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளையும் கேசீன் துகள்களையும் கிருமி என்று நினைத்து அள்ளி விழுங்கியிருக்கிறது. கிருமியைப் பற்றிப் பிடிக்க நீட்டும் கை போன்ற மடிப்புகளும் அதில் குறைந்துபோகின்றன. கன்றுக்குப் பலம் தரும் அதே கொழுப்பும் புரதமும், தாயின் வெள்ளையணுவுக்கு அசதியைத் தருகின்றன. உடம்பில் வேறெந்த இடத்திலும் இல்லாத தொல்லை இது. பசு தன் மடியைக் காப்பாற்றிக்கொள்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை.

தொல்லை எப்போது உச்சத்துக்குப் போகிறது என்பதை அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரின் தேசியக் கால்நடை நோய் மையத்தில் மார்கஸ் கெர்லியும் கூட்டாளிகளும் 1980களில் அளந்தார்கள். கன்று ஈனுவதற்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்னும் பின்னும் பசுவின் வெள்ளையணுக்கள் தம் வேலையில் பின்தங்குகின்றன. சீம்பால் உற்பத்தி, ஹார்மோன் ஏற்ற இறக்கம், தீனி குறைவு எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் அது. நம் தொழுவங்களில் "ஈன்ற மாடு, காற்றுப் பட்டுவிட்டது, மடி கட்டிக்கொண்டது" என்பார்கள். காற்றின் மேல் பழி போனாலும், காலத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். ஈனும் சமயத்தில் மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஓர் ஊசி மருந்தைப் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2016இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆன்டிபயாடிக் இல்லாமல் பசுவின் சொந்தப் பலத்தைக் கூட்டும் முயற்சி என்பதால் அதைப் பற்றிப் பேச்சு நிறைய எழுந்தது. நம்மைப் போன்ற சின்னத் தொழுவங்களுக்கு அது இப்போதைக்குத் தூரத்துச் சொந்தம்.

நமக்குப் பக்கத்துச் சொந்தம் பச்சைத் தீவனம். ஒஹாயோ மாநிலத்தில் லாரி ஸ்மித்தும் கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பால் வற்றிய காலத்தில் வைட்டமின் ஈ கொடுத்த பசுக்களுக்கு வெளிப்படையான மடி நோய் 37 சதவீதம் குறைவாக வந்தது. கூடவே செலினியமும் சேர்த்தபோது, வந்த நோயும் சீக்கிரம் தணிந்தது. அங்கே மண்ணில் செலினியம் குறைவு, அதனால் பலன் பளிச்சென்று தெரிந்தது. எல்லா ஊருக்கும் அதே அளவு பலன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வைட்டமின் ஈ பச்சைப் புல்லில் இருக்கிறது, காய்ந்த வைக்கோலில் அநேகமாக இல்லை. பால் வற்றியதும் "இனி இதற்கு எதற்குச் செலவு" என்று வைக்கோலோடு விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கறக்காத அந்த இரண்டு மாதத்தில்தான் அடுத்த கறவைக்கான எதிர்ப்பு ஆற்றல் தயாராகிறது.

ஓர் இளங்கன்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் கெர்லி குழு, அடிக்கடி நோயுற்ற ஒரு ஹோல்ஸ்டீன் கன்றின் ரத்தத்தைப் பார்த்தது. நியூட்ரோஃபில் ஏராளமாக இருந்தது. கன்றோ நோயில் நைந்துகொண்டிருந்தது. காரணம், அந்த நியூட்ரோஃபிலுக்கு ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கத் தெரியவில்லை. சுவரைப் பிடிக்க உதவும் புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை என்று 1992இல் கண்டுபிடித்தார்கள். பிழையைப் பின்னோக்கித் தேடிப் போனால் 1950களில் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற புகழ்பெற்ற காளையில் போய் நின்றது. நிறையப் பால் தரும் பெண் கன்றுகளைத் தந்ததால் அதன் சந்ததியின் உறைவிந்து உலகெங்கும் போனது. பிழையும் கூடவே போனது. பிழையைக் கண்டுபிடித்த அந்த ஆய்வில் பரிசோதித்த அமெரிக்கக் காளைகளில் நூற்றுக்குப் பதினான்கு அந்தப் பிழையைச் சுமந்தன. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கன்று தப்பாது. நம் நாட்டிலும் ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகளில் இது தென்பட்டிருக்கிறது. இன்று உறைவிந்து நிலையங்களில் காளையைச் சேர்ப்பதற்கு முன் இந்தப் பிழைக்குப் பரிசோதனை செய்கிறார்கள். பால் அளவை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்ததன் விலை இது.

இதன் மறுபக்கமாக, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் போனி மல்லார்ட் என்ற பேராசிரியை, நல்ல எதிர்ப்பு ஆற்றல் உள்ள மாடுகளைப் பொறுக்கி எடுக்கும் வழியை உருவாக்கினார். எதிர்ப்பு ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு பரம்பரையாக வருகிறது என்பது அவர் கணக்கு. அந்த வழியில் தேர்ந்த காளைகளின் உறைவிந்து அங்கே விற்பனைக்கும் வந்துவிட்டது. இதைப் பற்றித் தனிக் கட்டுரை பின்னொரு இதழில்.

இவ்வளவு அறிவியலுக்கும் நடுவே, கறப்பவர் செய்ய வேண்டியது என்னவோ பழைய சங்கதிதான். காம்பின் நுனியில் உள்ள துவாரம் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். கிருமி உள்ளே போக அநேகமாக அது ஒன்றே வாசல். கறந்து முடித்ததும் அது உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி நேரமாவது திறந்திருக்கும், சில மாடுகளில் இன்னும் அதிக நேரம். அப்போது மாடு சாணத்தில் படுத்துவிட்டால் போச்சு. கறந்த கையோடு தீனி வைத்து மாட்டை நிற்க வைப்பது அதனால்தான். இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே இருந்த பால்பண்ணை ஆய்வு நிலையத்தில் நீவ், டாட் முதலியோர் 1960களில் பெரிய அளவில் செய்து காட்டியதும் இதே பாணிதான்: கறந்தபின் காம்பை அயோடின் போன்ற கிருமிநாசினியில் முக்குவது, ஒரு மாட்டின் துணியை இன்னொன்றுக்குப் போடாமலிருப்பது, பால் வற்றும் நேரத்தில் மருந்து, கறவை இயந்திரத்தைப் பழுது பார்ப்பது, ஆறாத மாட்டைக் கழித்துவிடுவது. கைக்கறவையில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போவது பெரும்பாலும் நம் கையில் ஏறித்தான்.

கற்றாழையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழகத்தில் பரப்பியதில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்திக்குப் பெரிய பங்குண்டு. தேசியப் பால்வள வாரியமும் அதை ஊக்குவிக்கிறது. நோயின் தொடக்கத்தில் செய்துபாருங்கள். ஆன்டிபயாடிக் ஊசியைத் தொட்டதற்கெல்லாம் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பூசுவதற்கு முன்னும் சில நாள் கழித்தும் சோப்பு நீர்ச் சோதனை செய்துவிட்டுப் பேசுங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்பதும் கிருமி போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, தீனி மறுத்து, படுத்துவிட்டால் அரைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாணக் கிருமியால் வரும் மடி நோய் ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் மருத்துவர் சொன்ன நாள்வரை பாலை ஊற்றாதீர்கள். அந்தப் பாலைச் சொசைட்டிக் கேனில் கலப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையின் டம்ளரில் கலப்பதுதான். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

சோதனைக்கு நாலு குழித் தட்டும் கரைசலும் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1990களில் காட்டிய வழி இருக்கிறது. துணி துவைக்கும் சர்ஃப் தூளை நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம், கரைத்துக்கொண்டு அதையே பயன்படுத்தினார்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் நான்கு இருந்தால் தட்டும் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனியாகப் பிடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு வரும் பாலை எடுங்கள். கலக்கிய உடனே பாருங்கள். விட்டால் கொழகொழப்பு கலைந்துவிடும். கன்று ஈன்ற முதல் வாரத்திலும் பால் வற்றப்போகும் நாட்களிலும் நோய் இல்லாமலே திரளலாம், அப்போது முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நாலு காம்பும் லேசாகத் திரண்டால் ஒரு மாதிரி, ஒன்று மட்டும் கெட்டியாகத் திரண்டால் வேறு மாதிரி. ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதழின் நடுப்பக்கத்தில் ஓர் அட்டவணை அச்சிட்டிருக்கிறோம். மாட்டின் பெயர், ஈன்ற தேதி, எத்தனையாவது ஈற்று, நான்கு காம்புக்கும் தனித்தனிக் கட்டம். மாதம் ஒருமுறை சோதித்து நிரப்புங்கள். பால் வற்றிய காலத்தில் பச்சைத் தீவனம் கொடுத்தீர்களா என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதுங்கள், யாரையும் திட்டப் போவதில்லை. ஓர் ஈற்று முழுக்க நிரம்பிய தாள்களை எங்களுக்கு அனுப்பினால், கால்நடை மருத்துவர் ஒருவரை உட்கார வைத்துப் படித்து, பெயர் வெளியிடாமல், விளக்கத்தோடு போடுகிறோம். தாள் நனைந்தாலும் கறை பட்டாலும் பரவாயில்லை, எழுத்துத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்